அருவிக்கு முதுகு காட்டியவர்கள்

சென்ற இதழின் மேலட்டையில் ஐந்தருவி வந்திருந்தது. உள்ளே, அந்தப் படத்தை எடுத்த நண்பரே, அருவிகளையும் இயற்கையையும் படமெடுக்கும்போது நல்ல அமைப்பை எப்படிக் கண்டுபிடிப்பது என்று ஐந்து பக்கங்கள் எழுதியிருந்தார். நண்பர் நல்ல கவிஞர். இதை மரியாதைக்காகச் சொல்லவில்லை. அவர் கவிஞர் என்பதால்தான் இந்தக் கட்டுரை அவசியமாகிறது. கல்யாண வீடியோ எடுக்கிறவர் ஒருவர் இதையே எழுதியிருந்தால் எனக்கு ஆட்சேபம் இருந்திருக்காது. அவருக்கு அது தொழில், வாடிக்கையாளருக்குத் திருப்தி, விஷயம் முடிந்தது. ஆனால் முன்னூறு பேர் படிக்கிற பத்திரிகையில், படிமம் என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு வருஷக்கணக்காகச் சண்டை போடுகிற ஒரு கூட்டத்தின் நடுவில், ஒருவர் எழுந்து அழகுக்கு இன்ன இடத்தில் கல், இன்ன இடத்தில் நீர் என்று அளந்து கொடுக்கிறார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அப்படியானால் நாம் கவிதையிலும் இதைத்தான் செய்துகொண்டிருக்கிறோமோ என்ற சந்தேகம் எனக்கு வருகிறது.

அவர் சொல்வதன் சாரம் இது. சட்டகத்தை நெடுக்கிலும் குறுக்கிலும் மும்மூன்றாகப் பிரி. அருவியை நடுவில் வைக்காதே, மூன்றிலொரு பங்குக் கோட்டில் வை. முன்னால் பாசி படிந்த கல் ஒன்று இருக்கட்டும். ஓடை, பார்வையை உள்ளே இழுத்துப் போகும் கோடாக அமையட்டும். வானம் வெளுத்திருந்தால் வெட்டிவிடு. ஷட்டரை மெதுவாக்கு, கால் விநாடியில் நீர் நூலாகும், பல விநாடிகளில் பாலாகும். அப்புறம், இதுதான் முக்கியம் என்று அவரே அழுத்திச் சொல்கிறார், ஜனங்கள் வருவதற்கு முன் போய்விடு.

இதில் எதுவும் பொய்யில்லை. சொன்னபடி செய்தால் படம் வரும். போலரைசர் பற்றி அவர் எழுதியிருப்பது நல்ல யோசனையும்கூட. ஈரப் பாறையின் பளபளப்பை அது அடக்கி உள்ளே இருக்கிற நிறத்தை வெளியே கொண்டுவரும். இலைகளின் மேல் படிந்திருக்கும் வெளிறிய ஒளியை எடுத்துவிடும். நானும் உபயோகித்தவன்தான். என் சண்டை கருவியோடு இல்லை. எங்கே நிற்பது என்ற கேள்வியை, அங்கே ஏற்கெனவே யார் நிற்கிறார்கள் என்ற கேள்வியிலிருந்து பிரித்தெடுத்து வெறும் உத்தியாக்கிக் கொடுக்கிறாரே, அதோடுதான்.

முதலில் இந்த மூன்றிலொரு பங்கு. நண்பர் இதைப் பிரபஞ்ச விதி மாதிரி, சங்கின் சுழியிலும் சூரியகாந்திப் பூவிலும் இருக்கிற ரகசியம் மாதிரிச் சொல்கிறார். (அது வேறு கணக்கு. இரண்டையும் குழப்பிக்கொள்வது நம்மவர் வழக்கம்.) இந்த விதிக்குப் பிறந்த வருஷம் உண்டு. 1797இல் லண்டனில் ஜான் தாமஸ் ஸ்மித் என்ற செதுக்கோவியர், கிராமப்புறக் காட்சிகள் பற்றி ஒரு புத்தகம் போட்டு அதில் இதற்குப் பெயர் வைத்தார். குடிசைகளின் இருபது செதுக்கோவியங்களோடு வந்த புத்தகம் அது. ஏழையின் குடிசை சட்டகத்துக்குள் எப்படி விழுந்தால் அழகு என்பது அந்தக் காலத்து ஆங்கிலக் கனவான்களின் கவலைகளில் ஒன்று. நம் கையில் இருக்கிற போனின் திரையில் நான்கு மெல்லிய கோடுகளாக இன்று அது வந்து உட்கார்ந்திருக்கிறது. யாரும் யாரையும் கேட்காமல் அதன்மேல் அருவியை ஏற்றுகிறார்கள்.

பி.ஏ. இங்கிலீஷ் படித்ததால் எனக்கு உத்தியோகத்தில் ஒரு பிரயோஜனமும் இல்லை. நகைக்கடன் சீட்டு எழுத ஷெல்லி தேவையில்லை. கிடைத்ததெல்லாம் இந்த மாதிரி சில வம்புகள்தான். அவற்றில் ஒன்று க்ளாட் கண்ணாடி. பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் மலைகளுக்கும் ஏரிகளுக்கும் உல்லாசமாகப் போனவர்கள் சட்டைப்பையில் ஒரு கண்ணாடியும் எடுத்துப் போனார்கள். கறுப்புச் சாயம் ஏற்றிய, லேசாகப் புடைத்த சிறிய முகம்பார்க்கும் கண்ணாடி. க்ளாட் லொரேன் என்ற பழைய ஓவியரின் பெயரால் அதை அழைத்தார்கள். ஏனென்றால் அதில் பார்த்தால் எந்த இடமும் அவருடைய படம்போலப் பழுப்பேறி, அடங்கி, ஒரு சட்டகத்துக்குள் வந்துவிடும். இதில் விசேஷம் என்னவென்றால் அதை உபயோகிக்க இயற்கைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கவேண்டும். மலை பின்னால், கண்ணாடி முன்னால். தாமஸ் கிரே என்ற கவிஞர் 1769இல் ஏரி நாட்டில் இந்தக் கண்ணாடியை விரித்துப் பிடித்தபடியே சேற்றுச் சந்து ஒன்றில் மல்லாந்து விழுந்தார். விரல் முட்டிகள்தான் சிராய்த்தன என்று நண்பருக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அவரைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. அவராவது விழுந்தார். நாம் விழாமல் நிற்க முக்காலி ஸ்டாண்டு வைத்திருக்கிறோம்.

இந்தக் கூட்டத்துக்கு ஆசான் வில்லியம் கில்பின் என்ற பாதிரியார். 1782இல் வை நதியைப் பற்றி எழுதிய புத்தகத்தில் டின்டர்ன் மடத்தின் இடிபாட்டைப் பார்த்துவிட்டு, சுவரின் முக்கோண முகடுகள் ஒழுங்காக இருந்து கண்ணை உறுத்துகின்றன, ஒரு சுத்தியலை விவேகமாக உபயோகித்தால் தேவலை என்கிற அர்த்தத்தில் எழுதினார். இயற்கையும் இடிபாடும்கூடத் தன் விதிக்குச் சரியாக வரவில்லையே என்ற வருத்தம். இதைவிட முக்கியமான இன்னொரு இடம் அவரிடம் உண்டு. உழைக்கிறவனைப் பார்ப்பது தர்மப்படி சந்தோஷம், ஆனால் காட்சியின் அழகு என்று வரும்போது சும்மா கிடக்கிறவன்தான் தேவலை என்று அவர் ஒப்புக்கொள்கிறார். ஆடுமேய்க்கி தடியில் சாய்ந்திருக்கலாம். ஆனால் அவன் கிடை போடக்கூடாது. இந்த வாக்குமூலத்தை மறந்துவிட வேண்டாம். பின்னால் தேவைப்படும்.

இதெல்லாம் சீமையில் நடந்த கூத்து, நமக்கென்ன என்று கேட்கலாம். 1792இல் தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரன் மகன் வில்லியமும் திருநெல்வேலிச் சீமைக்கு வந்தார்கள். பாபநாசம் அருவியை வரைந்தார்கள். 'ஓரியண்டல் ஸீனரி' என்ற பெயரில் 1795 முதல் 1808 வரை அவர்கள் வெளியிட்ட 144 படங்களில் அதுவும் ஒன்று. கையோடு அவர்கள் கொண்டுவந்த சாமான்களில் கேமரா அப்ஸ்குராவும் உண்டு. ஆக, ஒரு பெட்டியின் துளை வழியாக நம் அருவி ஒன்று விழுந்து, இன்ன தூரத்தில் நின்று இன்ன உயரத்துக்குப் பார்க்கவேண்டிய காட்சி என்று நிர்ணயிக்கப்பட்டுச் சீமைக்குப் போனது. போட்டோ பிறப்பதற்கு நாற்பது வருஷம் முன்பே நண்பரின் கட்டுரை எழுதப்பட்டாயிற்று.

பாபநாசம் என்ற பெயரையே பாருங்கள். அங்கே போகிறவன் பாவம் தொலைக்கப் போனான். தொலைய வேண்டுமானால் அருவிக்குக் கீழே தலையைக் கொடுக்கவேண்டும். எதிரே நின்று பார்த்தால் தொலையாது. எதிரே நின்று ரசிப்பது நம் ஊரில் இருந்ததே இல்லை என்று சொல்கிற அசட்டுத்தனத்தை நான் செய்யமாட்டேன். பார்த்திருப்பார்கள். கண் இருக்கிறதே. ஆனால் பார்ப்பது மட்டுமே காரியமாக, மற்றவர்கள் விலகிக்கொள்ள வேண்டிய காரியமாக, அது இருக்கவில்லை. குற்றாலக் குறவஞ்சியில் மலைவளம் யார் வாயில் வருகிறது? குறத்தி சொல்கிறாள், அதுவும் அருவி முன் நின்றல்ல, ஊருக்குள் வந்து வசந்தவல்லியிடம். தன் வீட்டைப் பற்றி வெளியூரில் பெருமை அடிக்கிற குரல் அது. குரங்கும் பாம்பும் சித்தரும் எல்லாம் ஒரே மூச்சில் வருவார்கள். அதில் முன்னணிக் கல் எது, பின்னணி எது?

இந்த இடத்தில் ஒரு கோஷ்டி கைதட்டுவது எனக்குக் கேட்கிறது. திணைக் கோட்பாட்டில் எல்லாம் இருக்கிறது, முதல் கரு உரி என்று அன்றே சொன்னான் தமிழன் என்று. அவர்களுக்கும் ஒரு வார்த்தை. கருப்பொருளின் பட்டியலை மனப்பாடம் செய்து கவிதையில் வேங்கை மரத்தை நடுகிறவர், பாசிக் கல்லை முன்னால் வைக்கிறவரிடமிருந்து எந்த விதத்திலும் வேறல்ல. இரண்டும் சாமான் பட்டியல்.

நான் சொல்லவேண்டிய விஷயத்தை இனியும் தள்ளிப்போடுவது யோக்கியமல்ல. நண்பரின் கட்டுரையில் இருக்கிற அத்தனை விதிகளையும் நான் அனுசரித்திருக்கிறேன், வெற்றியும் பெற்றிருக்கிறேன்.

2014 முதல் ஐந்து வருஷம் தென்காசியில் ஒரு கிளையில் வேலை பார்த்தேன். ஆனி, ஆடிச் சாரலில் குற்றாலம் ஐந்து கிலோமீட்டருக்குள். கையில் கடன் வாங்கி வாங்கிய கேமரா. 2016 ஜூலையில் ஒரு நாள், நண்பர் சொல்கிறபடியே ஜனங்கள் வருவதற்கு முன், விடிகாலை ஐந்தே முக்காலுக்கு ஐந்தருவியில் ஸ்டாண்டை நிறுத்தினேன். வெளிச்சம் குறைவு. துவாரத்தை எஃப் 16க்குச் சுருக்கி, ஐ.எஸ்.ஓ. 100இல், முப்பது விநாடி திறந்து வைத்தேன். ஐந்து கிளையும் பால்போல இறங்கின. மூன்றிலொரு பங்குக் கோட்டில் அருவி, கீழே ஈரக் கல், வலப்பக்கம் இருட்டிக்கொண்டு மரம். வங்கியின் ஊழியர் போட்டியில் இரண்டாம் பரிசு கொடுத்தார்கள். 2018இன் காலண்டரில் ஜூலை மாதத்துக்கு அதைப் போட்டார்கள். காலண்டரை ஆசையோடு ஜூலையிலேயே திறந்து கவுண்டருக்குப் பக்கத்துச் சுவரில் மாட்டினேன், ஜனவரியிலேயே.

அந்த மாதம் ஒரு அம்மாள் நகைக்கடனுக்கு வட்டி கட்டி மறு அடகு வைக்க வந்தார். தெரிந்த முகம். ஐந்தருவிக்குப் போகிற பாதையில் எண்ணெயும் சீயக்காயும் விற்கிறவர்; அவர் வீட்டுக்காரர் அங்கேயே எண்ணெய் தேய்த்துவிடுகிறவர். சீட்டு தயாராகும்வரை காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இது எந்த ஊரு அருவி ஸார்?"

நான் சிரித்தேன். "நம்ம ஐந்தருவிதாங்க்கா. நான் எடுத்த படம்."

கிட்டே போய்ப் பார்த்தார். "ஐந்தருவியா? ஆளையே காணோமே."

"விடியறதுக்கு முன்னால எடுத்தது. ஐந்தே முக்கால் இருக்கும்."

"ஐந்தே முக்காலுக்கு நாங்க அங்கதான ஸார் கெடப்போம். பெருக்கித் தண்ணி தெளிக்கிற நேரம்லா அது."

அவர் குற்றம்சாட்டவில்லை. நேரத்தை நான் தப்பாகச் சொல்கிறேன் என்று நினைத்தார். அவ்வளவுதான். பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு போய்விட்டார். ஆனால் அன்று மாலை வீட்டுக்குப் போய் கணினியில் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது எனக்கு நினைவு வந்தது. அங்கே ஆட்கள் இருந்தார்கள். நான்கைந்து பேர் என் சட்டகத்துக்குள்ளேயே குறுக்கும் நெடுக்கும் போய்க்கொண்டிருந்தார்கள். ஒருவரையும் நான் விரட்டவில்லை. விரட்ட அவசியமில்லை என்று எனக்குத் தெரிந்திருந்தது. முப்பது விநாடியில் ஓரிடத்தில் ஒரு விநாடிகூட நிற்காமல் நடக்கிற ஆள் படத்தில் விழமாட்டார். அவருக்குப் பின்னால் இருக்கிற பாறை மீதி இருபத்தொன்பது விநாடியும் பதிந்து அவரை மூடிவிடும். இடது ஓரத்தில் யாரோ ஒருவர் குனிந்து கொஞ்ச நேரம் நின்றிருக்கவேண்டும். ஒரு சாம்பல் நிற அழுக்கு மாதிரி இருந்தது. அதை நான் போட்டிக்கு அனுப்பும்போதே வெட்டியிருந்தேன். அமைப்பு கெடுகிறது என்று.

புகைப்பட வரலாற்றைத் தெரிந்தவர்களுக்கு இது பழைய கதை. 1838இல் டாகேர் தம் ஜன்னலிலிருந்து பாரிஸின் ஒரு பெரிய தெருவைப் படம் பிடித்தார். பட்டப்பகல், வண்டியும் ஜனமும் போகிற தெரு. படத்தில் தெரு காலி. பல நிமிஷம் திறந்து வைக்கவேண்டிய தகட்டில் நடந்தவர்களும் வண்டிகளும் விழவில்லை. ஒரே ஒருவர் மட்டும் விழுந்தார், பூட்ஸுக்குப் பாலீஷ் போட்டுக்கொள்ள ஒரு காலைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றவர். மனித உருவம் முதன்முதலாகப் போட்டோவில் வந்தது இதில்தான் என்று எழுதுகிறார்கள். பாலீஷ் போட்டவரோ கலங்கலாக, பாதி ஆளாக இருக்கிறார். அவர் கைகள் ஓடிக்கொண்டிருந்தன அல்லவா. கில்பின் ரசனையாகச் சொன்னதை இயந்திரம் விதியாகவே செய்துவிட்டது. சேவகம் வாங்குகிறவர் பதிவார், வேலை செய்கிறவர் அழிவார்.

டாகேருக்கு வேறு வழியில்லை. 1861இல் கோவேறு கழுதைகளின் மேல் சாமான்களை ஏற்றிக்கொண்டு யோஸமிட்டிப் பள்ளத்தாக்குக்குப் போன கார்ல்டன் வாட்கின்ஸுக்கும் இல்லை. பதினெட்டுக்கு இருபத்திரண்டு அங்குலக் கண்ணாடித் தகட்டில் கொலோடியனைப் பூசி, அது காய்வதற்குள் எடுத்து, காய்வதற்குள் கழுவவேண்டும். அவர் படங்களில் அருவி வெள்ளைத் துணியாகத் தொங்குகிறது என்றால் ரசாயனத்தின் மந்தம் அது, அவருடைய தத்துவம் அல்ல. இன்று ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடியில் ஒவ்வொரு துளியையும் நிறுத்துகிற இயந்திரத்தை வாங்கி, அதன் முன்னால் கறுப்புக் கண்ணாடியை மாட்டி, அந்தப் பழைய குறையைக் காசு கொடுத்துத் திரும்ப வாங்குகிறோம். பெயர் தியானம்.

ஆயிரத்தில் ஒரு பங்குதான் நிஜம் என்று நான் வாதிடவில்லை. அதுவும் கண் பார்க்காத ஒன்றுதான். நீர் கண்ணாடித் தூளாக அந்தரத்தில் நிற்கும். கண் வேறு மாதிரி வேலை செய்கிறது. மேலே ஒரு திவலையைப் பிடித்துக்கொண்டு அதோடு பாதி தூரம் இறங்கும், அங்கே தவறவிடும், மறுபடி மேலே ஏறும். அருவியைப் பார்க்கும்போது நமக்கு உண்டாகிற மயக்கம் இந்த ஏறி இறங்கலில் இருக்கிறது. எந்த ஷட்டருக்கும் அது அகப்படாது. ஆகவே எந்த வேகத்தைத் தேர்ந்தாலும் எதையோ அழிக்கிறோம். அழிப்பது எதை, யாரை என்று தெரிந்து செய்கிறோமா என்பதே என் கேள்வி.

யோஸமிட்டியைச் சொன்னதால் அதையும் முடித்துவிடுகிறேன். வாட்கின்ஸ் போவதற்குப் பத்து வருஷம் முன்பு, 1851இல், மாரிபோஸா பட்டாளம் அந்தப் பள்ளத்தாக்குக்குள் புகுந்து அங்கிருந்த அவானீச்சி மக்களைத் துரத்தியது. 1864இல் லிங்கன் கையெழுத்திட்டு அந்த இடம் பாதுகாக்கப்பட்டது. அதற்கு வாட்கின்ஸின் படங்களும் ஒரு காரணம் என்பார்கள். திரும்பி வந்தவர்களுடைய கடைசிக் கிராமத்தை 1969இல் இடித்தார்கள். நடுவில் 1927இல் ஆன்ஸல் ஆடம்ஸ், மிச்சமிருந்த கடைசித் தகட்டில், சிவப்பு ஃபில்டர் போட்டு வானத்தைக் கறுப்பாக்கி ஹாஃப் டோமை எடுத்தார். மகத்தான படம். கண்முன் இருப்பதை அல்ல, மனத்தில் உண்டாவதை எடுக்கலாம் என்று தனக்கு அன்றுதான் தெரிந்தது என்று அவர் பிற்காலத்தில் விளக்கியிருக்கிறார். நண்பரும் இந்தப் படத்தைத்தான் ஆதாரம் காட்டுகிறார். நான் ஆடம்ஸைக் குறைசொல்ல அருகதை உள்ளவன் அல்ல. ஆனால் மனிதன் கால் படாத இயற்கை என்று அந்தப் படங்களின் கீழ் நாம் எழுதிக்கொள்கிறோமே, அது புவியியல் அல்ல. அந்த வெறுமையை முதலில் துப்பாக்கி உண்டாக்கியது, பிறகுதான் கேமரா.

வேறு மாதிரி நின்றவர்கள் இல்லையா? இருக்கிறார்கள். ஹொகுசாய், 1833ஐ ஒட்டி, தம் எழுபதுகளில், நாட்டின் அருவிகளைச் சுற்றி வருவதாக எட்டுப் படங்கள் செய்தார். எட்டிலும் நீர் எட்டு விதம். ஒன்றில் மரத்தின் வேர்போலப் பிரிகிறது, ஒன்றில் பட்டை பட்டையாக இறங்குகிறது. அமிதா அருவியில் மேலே ஒரு வட்டமான பொந்துக்குள் நெளிந்து, பிறகு நேராக விழுகிறது. எங்கே நின்று பார்த்தாலும் அப்படி ஒரு கோணம் கிடைக்காது, மேலிருந்தும் எதிரிலிருந்தும் ஒரே சமயத்தில் பார்த்திருக்கிறார். ஆனால் அந்தப் படத்தில் ஓரமாக ஒரு பாறையில் சிலர் விரித்து உட்கார்ந்து ஏதோ சூடுபண்ணிக்கொண்டிருக்கிறார்கள். யோஷினோ அருவியில் இருவர் குதிரையைத் தேய்த்துக் கழுவுகிறார்கள். ஓயாமாவின் ரோபென் அருவியில் யாத்திரிகர்கள் கும்பலாகத் தண்ணீரில் நிற்கிறார்கள், நம் பேரருவி மாதிரியே. அந்த மனிதர்கள் அருவியின் உயரத்தைக் காட்டுவதற்கு வைத்த அளவுகோல்கள் அல்ல. அவர்களுக்கு அங்கே ஜோலி இருக்கிறது. அவர்களை எடுத்துவிட்டால் நீரின் வடிவமே ஏன் அப்படி என்று புரியாமல் போகும். போட்டோவில் சொல்வதானால் ரகுபீர் சிங் 1967இல் மோங்கீரில் எடுத்த படம். மழையில் மாட்டிக்கொண்ட சில பெண்கள் ஒருவரோடு ஒருவர் ஒட்டிக்கொண்டு நிற்கிறார்கள். மழை கோடாகத் தெரியவில்லை. துணி உடம்போடு ஒட்டியிருப்பதில் தெரிகிறது.

இதைச் சொன்னதும் எதிர்க் கோஷ்டி எழுந்திருக்கும்: அப்படியானால் அந்த எண்ணெய்க்காரப் பெண்ணை முன்னால் நிறுத்தி, முகத்துச் சுருக்கம் தெரிய, பின்னால் அருவியைக் கலங்கலாக விட்டு எடுக்கவேண்டியதுதானே என்று. நம் முற்போக்கு நண்பர்களின் கதைகளில் அட்டைப்படமே அதுதான். பாசிக் கல் இருந்த இடத்தில் கிழவி. முன்னணி நிரம்பியாயிற்று. ஸ்மித்தின் குடிசைக்கும் இதற்கும் நான் வித்தியாசம் காணவில்லை. அவள் அங்கே அந்நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தாள் என்பது இதிலும் இல்லை.

இப்போது கவிதை. கடந்த நாலைந்து இதழ்களின் கவிதைகளைப் புரட்டிப் பார்த்தேன். காலிப் படித்துறை, காலி நாற்காலி, யாருமற்ற தெருவில் விழும் இலை, யாருமற்ற வீட்டில் சொட்டும் குழாய். யாருமற்ற என்ற சொல்லைப் பென்சிலால் அடிக்கோடிட்டு வந்தேன், பதினொன்றில் நிறுத்திவிட்டேன். இரண்டு என்னுடையவை. தெரு எப்படி யாருமற்றுப் போனது? அந்தத் தெருவைப் பெருக்குகிறவர் விடிவதற்கு முன் வந்து போய்விட்டார், அல்லது கவிஞர் முப்பது விநாடி கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். இதை நாம் மௌனம் என்கிறோம். நண்பரின் கவிதைகளில் எனக்குப் பிடித்தவை அவர் ஆரம்பத்தில் எழுதியவை. அவற்றில் ஒரு ரேஷன் கடை வரிசை உண்டு, அதில் அவருடைய அம்மா நிற்பார். அந்த அம்மா இப்போது எங்கே? சட்டகத்தின் எந்த ஓரத்தில் வெட்டப்பட்டார்?

கோல்ரிட்ஜ் பற்றி டோரதி வேர்ட்ஸ்வொர்த் எழுதிவைத்த ஒரு சம்பவம் உண்டு. 1803இல் ஸ்காட்லாந்தில் கிளைட் நதியின் அருவியைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, முன்பின் தெரியாத ஒருவர் அதை 'மேஜஸ்டிக்' என்றார். கம்பீரம், மகத்துவம் என்ற சொற்களின் வித்தியாசத்தைப் பற்றி முன்பே விவாதித்திருந்த கோல்ரிட்ஜுக்கு ஒரே சந்தோஷம், சரியான சொல் விழுந்ததே என்று. ஆமோதித்தார். உடனே எதிர்ப்பக்கத்திலிருந்து அதோடு இன்னும் இரண்டு பெரிய சொற்கள் வந்து சேர்ந்துகொண்டன. கோல்ரிட்ஜ் பதில் சொல்ல முடியாமல் சிரித்துக்கொண்டே இந்தப் பக்கம் வந்துவிட்டார். எனக்கு இதில் அவற்றைச் சொன்னவரின் பேரில் இரக்கம்தான். அவரும் யாரோ சொல்லிக்கொடுத்த சொல்லைச் சொன்னார். சொற்களின் போலரைசர் ஒன்றை அவர் கையில் கொடுத்தனுப்பியிருந்தார்கள். அருவி முன் நின்று அளந்து அளந்து ஒரு சொல்லைத் தேடுகிறவர் சரி, கையில் தயாராக வைத்திருக்கிறவர் வேறு. நண்பரின் கட்டுரை இரண்டாமவர்களைத் தயாரிக்கிறது.

சரி, நீ என்ன செய்தாய் என்று கேட்பார்கள். 2023 ஜூலையில் மதுரையிலிருந்து இரண்டு நாள் லீவு போட்டுக் குற்றாலம் போனேன். ஸ்டாண்டு இல்லை. போனைப் பாலிதீன் உறையில் போட்டுக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு பேரருவி வரிசையில் நின்றேன். போலீஸ்காரர் விசில் ஊதி ஊதி நகர்த்திக்கொண்டிருந்தார். எண்ணெய் நாற்றம், சோப்பு நாற்றம், ஈர வேட்டி. அருவிக்குக் கீழே போய்விட்டால் அருவி இல்லை, ஒரு பாரமும் சத்தமும்தான் இருக்கிறது. மூச்சு முட்டுகிறது. பக்கத்தில் நிற்கிறவர் கையை முன்பின் யோசிக்காமல் பிடித்துக்கொள்கிறோம். முப்பது நாற்பது படம் எடுத்திருப்பேன். பெரும்பாலும் குப்பை. உறையில் தண்ணீர், யாருடையதோ காது, என் கட்டைவிரல். ஒன்றே ஒன்றில் மட்டும் ஒரு வழுக்கைத் தலையும் அதன்மேல் நீர் உடைந்து பரவுவதும் ஓரளவு வந்திருக்கிறது. சட்டகம் சாய்ந்திருக்கிறது, ஏனென்றால் அந்தக் கணத்தில் எவரோ என்னைத் தோளால் இடித்து நகரச் சொன்னார். நல்ல படம் என்று சொல்லமாட்டேன். அதன் அமைப்பை நான் தீர்மானிக்கவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

மறுநாள் விடிகாலை ஐந்தருவிக்குப் போனேன். அந்த அம்மாளின் கடை இருந்த இடத்தில் வேறு யாரோ இருந்தார்கள். விசாரித்தேன். சரியாகப் பதில் கிடைக்கவில்லை.

கடைசியாக மேலட்டைப் படம். இடது கீழ் மூலையில் வெண்மையாக ஒரு கறை இருக்கிறது. அருவியிலிருந்து எழுகிற நீர்ப்புகை என்றும், தற்செயலாக வந்து அமைப்பைச் சமன்செய்தது என்றும் நண்பர் எழுதியிருக்கிறார். நீர்ப்புகை காற்றடிக்கிற பக்கம் போகும். அவர் படத்தில் கிளைகள் அத்தனையும் வலப்பக்கம் இழுபட்டுக் கலங்கியிருக்கின்றன. இந்தக் கறை இடப்பக்கம், தரையை விட்டு எழும்பாமல், ஒரு ஆள் குனிந்தால் இருக்கிற உயரத்துக்கு இருக்கிறது. பதில் எழுதுவதற்கு முன் நண்பர் ஒரு நாள் கேமரா இல்லாமல் ஐந்தே முக்காலுக்கு அங்கே போய், அந்த இடத்தில் யார் பெருக்குகிறார்கள் என்று கேட்டுவிட்டு வரட்டும்.